சர்க்கரை நோயாளியின் பாதத்தைப் பரிசோதிப்பது எப்படி? நர்சிங் மாணவர்களுக்கான செய்முறை

"கால்ல ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. நரம்பு பாதித்த காலில் முள் ஏறினாலும் வலிக்காது, வலிக்காததைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை. அதனால் நோயாளி சொல்வதோடு நிறுத்தாமல், கண்ணாலும் கையாலும் நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

தேவையானவை: 10 கிராம் மோனோஃபிலமென்ட் (10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை), 128 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க் (தட்டினால் அதிரும் உலோகக் கவை), டார்ச், கையுறை. ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்க உதவும் கையடக்க டாப்ளர் இருந்தால் நல்லது.

படி 1: செருப்பிலிருந்து தொடங்குங்கள்

நோயாளி கழற்றிப் போட்ட செருப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் அதிகமாகத் தேய்ந்திருக்கிறது, உள்ளே ஆணியோ முள்ளோ குத்தி நிற்கிறதா, வார் எங்கே அழுத்துகிறது என்று கவனியுங்கள். "நடக்கும்போது செருப்பு கழன்று போனதே தெரியாமல் போயிருக்கிறதா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் உணர்வு குறைந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு", "மதமதன்னு இருக்கு", "ராத்திரி எரியுது" என்பதெல்லாம் நரம்பு பேசும் மொழி. முன்பு எப்போதாவது காலில் புண் வந்ததா, விரல் எடுத்தார்களா என்பதையும் விடாமல் கேளுங்கள். ஒருமுறை புண் வந்த காலில் மறுபடி வரும் ஆபத்து மிக அதிகம்.

படி 2: பாருங்கள்

இரண்டு கால்களையும் முழங்கால்வரை திறந்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு ஆகியவற்றை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வயதானவர்களால் குனிந்து தங்கள் உள்ளங்காலைப் பார்க்க முடியாது. பல நேரம் அதை முதலில் பார்ப்பவர் நீங்கள்தான். மெட்டி போட்டிருந்தால் அதற்கு அடியிலும் பாருங்கள்.

வறண்டு வெடித்த தோலுக்குக் காரணம், வியர்வையைக் கட்டுப்படுத்தும் நரம்புகள் பழுதாவது. பாதத்தின் சிறு தசைகள் நலிந்தால் விரல்கள் பறவையின் கால்நகம் போல் வளைந்து மடங்கி, முன்பாதத்து எலும்பு முனைகளில் எடை குவியும். அங்கேதான் தோல் தடித்துக் காய்ப்பு விழுகிறது. காய்ப்புக்கு அடியில் கருஞ்சிவப்பாக ரத்தம் கட்டியிருந்தால் அதை ஏறக்குறைய புண் என்றே எடுத்துக்கொள்ளுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாகச் செதுக்க வேண்டாம்.

படி 3: மோனோஃபிலமென்ட்

மாணவர்கள் அவசரப்படுவது இங்கேதான். முதலில் நோயாளியின் கையில் தொட்டு, "இப்படித்தான் இருக்கும்" என்று உணர்த்துங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லுங்கள். பெருவிரலின் அடிப்பக்கம், முதல் மற்றும் ஐந்தாவது விரல்களுக்குக் கீழே உள்ள எலும்பு முனைகள் ஆகிய மூன்று இடங்களில் இழையைச் செங்குத்தாக வைத்து, அது வளையும்வரை அழுத்தி எடுங்கள். வைத்து எடுப்பது எல்லாம் சேர்ந்து 2 விநாடி. தேய்க்கக் கூடாது. காய்ப்பு, புண், தழும்பு மேல் வைக்காமல் அதன் ஓரத்தில் வையுங்கள்.

ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை கேட்க வேண்டும். அதில் ஒருமுறை தொடாமலேயே "இப்போ தெரியுதா?" என்று கேளுங்கள். சிஸ்டர் மனம் கோணக் கூடாது என்றே எல்லாவற்றுக்கும் "தெரியுது" என்று தலையாட்டுபவர்கள் இருக்கிறார்கள்! மூன்றில் இரண்டு பதில் சரியென்றால் அந்த இடத்தில் உணர்வு இருக்கிறது. இரண்டு தவறென்றால் பாதுகாப்பு உணர்வு, அதாவது காயம் படுவதை உணர்த்தும் உணர்வு, போய்விட்டது.

அப்புறம் டியூனிங் ஃபோர்க்கைப் பெருவிரல் நுனி எலும்பின் மேல்பக்கம் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பாருங்கள். இதிலும் ஒருமுறை அதிராத ஃபோர்க்கை வைத்துக் கேளுங்கள்.

படி 4: ரத்த ஓட்டம்

பாதத்தின் மேல்பக்கத்திலும், உள் கணுக்காலுக்குப் பின்னாலும் பல்ஸ் பாருங்கள். மேல்பக்கப் பல்ஸ் சிலருக்குப் பிறவியிலேயே கிடைக்காது. அதனால் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். கணுக்கால்-கை ரத்த அழுத்த விகிதம் (கணுக்காலில் எடுத்த அழுத்தத்தைக் கையில் எடுத்ததால் வகுத்தது) 0.9க்குக் கீழே இருந்தால் ரத்தக்குழாய் அடைப்பு என்று கொள்ளலாம். ஆனால் சர்க்கரை நோயில் குழாய்ச் சுவரில் கால்சியம் படிந்து இறுகிவிடுவதால், அடைப்பு இருந்தும் விகிதம் நார்மலாகவோ 1.3க்கு மேலாகவோ காட்டலாம். நல்ல எண் வந்ததென்று நிம்மதி அடையாதீர்கள். நடந்தால் கெண்டைக்கால் வலிக்க வேண்டுமே என்று எதிர்பார்ப்பதும் தவறு, நரம்பு மரத்தவருக்கு அந்த வலியும் வராமல் போகலாம்.

படி 5: சூடு

புறங்கையை இரண்டு பாதங்களிலும் வைத்துப் பாருங்கள். ஒரு கால் மட்டும் சிவந்து, வீங்கி, சூடாக இருந்து, தோலில் புண் எதுவும் இல்லையென்றால் சார்கோ பாதத்தை நினைக்க வேண்டும். உள்ளே எலும்பும் மூட்டும் நொறுங்கிக்கொண்டிருக்கும். நோயாளியோ நடந்தே வந்திருப்பார். செல்லுலைடிஸ் (தோலடித் தொற்று) என்று ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்து அனுப்பிவிடும் ஆபத்து இதில்தான் அதிகம். காலைச் சில நிமிடம் உயர்த்திப் பிடித்தால் சார்கோவில் சிவப்பு குறையும், தொற்றில் பெரும்பாலும் குறையாது. தொடக்கத்தில் எக்ஸ்ரே நார்மலாக இருக்கலாம். சந்தேகம் வந்த நிமிடமே வீல்சேர் கொண்டுவாருங்கள், அந்தக் காலை ஊன்ற விடாதீர்கள்.

புண் இருந்தால்

நீளம், அகலம், ஆழம், வாடை, சீழ், சுற்றியுள்ள சிவப்பு எத்தனை சென்டிமீட்டர் என்பதைக் குறியுங்கள். உள்ளங்கால் புண் பெரும்பாலும் அழுத்தத்தால் வருவது. விரல் நுனியிலும் பாத ஓரத்திலும் வருவது ரத்த ஓட்டக் குறைவைக் காட்டலாம். புண்ணின் தீவிரத்தைத் தரம் பிரிக்கும் வாக்னர் முறையில் 1 மேலோட்டமான புண், 2 தசைநாண் அல்லது மூட்டுவரை, 3 சீழ்க்கட்டி அல்லது எலும்புத் தொற்று, 4 முன்பாதத்தில் கேங்ரீன் (திசு செத்து அழுகுதல்), 5 பாதம் முழுவதும் கேங்ரீன். காய்ச்சல் இல்லை என்பதால் தொற்று இல்லை என்று ஆகாது. காரணமில்லாமல் சுகர் ஏறினாலும் காலைத் திறந்து பாருங்கள்.

டிரஸ்ஸிங் எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும், நோயாளி அதே புண்ணை ஊன்றி நடந்தால் ஆறாது. வேலூர் சிஎம்சியில் தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், கைகால் சிதைவதற்குப் பெருங்காரணம் வலி தெரியாமல் படும் காயங்களே என்று காட்டினார். பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் பயன்படுத்தினார். அழுத்தத்தைப் பரவலாக்கும் முழுப்பாத மாவுக்கட்டும், நம் ஊரில் கிடைக்கும் எம்சிஆர் (மென்மையான நுண்துளை ரப்பர்) செருப்பும் செய்வது அதைத்தான்.

வீட்டுக்கு அனுப்பும்போது

சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலோடு சுற்றிவிட்டு உள்ளங்கால் முழுவதும் கொப்புளத்தோடு வருபவர்கள் உண்டு. விடியற்காலையில் போகச் சொல்லுங்கள், தடையில்லாத இடத்தில் சாக்ஸ் போட்டுக்கொள்ளட்டும். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். கால் ஆணிக்கு பிளேடும், கடையில் விற்கும் கார்ன் பிளாஸ்திரியும் கூடவே கூடாது. எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் தடவக் கூடாது. தினமும் பாதத்தைப் பார்க்கும் வேலையை வீட்டில் யார் செய்வார் என்று கேட்டு, அவரிடமே செய்து காட்டுங்கள்.

மறுபரிசோதனை: உணர்வும் ரத்த ஓட்டமும் சரியாக இருந்தால் வருடம் ஒருமுறை. இரண்டில் ஒன்று குறைந்தால் 6 முதல் 12 மாதத்தில். இரண்டும் குறைந்தாலோ, ஒன்றோடு பாத வடிவமும் மாறியிருந்தாலோ 3 முதல் 6 மாதத்தில். உணர்வோ ஓட்டமோ குறைந்து, பழைய புண், விரல் அகற்றல், முற்றிய சிறுநீரகச் செயலிழப்பு இவற்றில் ஒன்றும் இருந்தால் 1 முதல் 3 மாதத்தில்.

கேஸ் ஷீட்டில் "பாதம் நார்மல்" என்று ஒற்றை வரியில் முடிக்காதீர்கள். இப்படி எழுதுங்கள்: "வலது பாதம்: மோனோஃபிலமென்ட் 3 இடத்தில் 1 இடத்தில் மட்டும் உணர்வு. இரண்டு பல்ஸும் கிடைக்கின்றன. முதல் எலும்பு முனைக்குக் கீழே காய்ப்பு, அடியில் ரத்தக்கட்டு. சூடு இல்லை. டியூட்டி டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது, காலை 10.20."