தலை திரும்பாத குழந்தைக்குக் கால் சுண்டுவிரலில் மோக்ஸா

33வது வாரத்திலும் குழந்தையின் தலை மேலேயே இருந்தால் சீன வைத்தியர் பார்ப்பது தாயின் கால் சுண்டுவிரலை. அதன் வெளிப்பக்க நகக்கண்ணை ஒட்டி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது 'ஜியின்' (Zhiyin) என்ற அக்குபங்சர் புள்ளி. கர்ப்பிணிக்கு ஊசி குத்தக் கூடாது என்று விலக்கிய புள்ளிகளில் இதுவும் ஒன்று. அதனால் சூடு மட்டும்தான். அதற்கு மாசிபத்திரி இனத்து இலையைக் காயவைத்து இடித்துச் சுருட்டிய மோக்ஸா குச்சி வேண்டும்.

முதலில் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். இரட்டைக் குழந்தை, கீழிறங்கிய நஞ்சுக்கொடி, ரத்தப்போக்கு, உடைந்த பனிக்குடம், உயர் ரத்த அழுத்தம், முந்தைய சிசேரியன் இருந்தால் இது வேண்டாம்.

தாய் சிறுநீர் கழித்து, இடுப்புத் துணியைத் தளர்த்தி, தலையணையில் சாய்ந்து உட்காரட்டும். வயிறு மறைக்கும் என்பதால் குச்சியை வேறொருவர்தான் பிடிக்க வேண்டும். நுனி முழுவதும் சிவக்கும்வரை கொளுத்தி, தோலிலிருந்து 2-3 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். சூடு எவ்வளவு என்று தெரிய, உங்கள் இன்னொரு கை விரலை அந்தச் சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கால் வீங்கியிருந்தாலோ சர்க்கரை இருந்தாலோ அவருக்குச் சூடு சரியாக உறைக்காது. ஒரு காலுக்கு 15 நிமிடம், தினமும், 7 நாள். தோல் இளஞ்சிவப்பானால் போதும், கொப்புளம் கூடாது.

பெரும்பாலும் தப்பு நடப்பது சாம்பலில். நுனியில் சாம்பல் மூடினால் சூடு குறையும். குறைகிறதே என்று கிட்டே கொண்டுபோனால் அதுவே விரலில் உதிர்ந்து சுடும். ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை கிண்ணத்தில் தட்டிவிடுங்கள். புகை நெடி குமட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

அந்நேரம் குழந்தை அதிகம் அசைவது வழக்கம். அசைவு குறைந்தால் மட்டும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 7 நாள் கழித்து ஸ்கேன். திரும்பிவிட்டால் நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு வாரம்.

சீனாவின் ஜியாங்ஷியில் முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 260 பேரிடம் செய்து 1998இல் வெளியான ஆய்வில், மோக்ஸா வைத்த 130 பேரில் 98 பேருக்கு 35வது வாரத்தில் குழந்தையின் தலை கீழே வந்திருந்தது. வைக்காத 130 பேரிலும் 62 பேருக்குத் தானாகவே வந்திருந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். பின்னர் இத்தாலியில் செய்த ஆய்வில் வித்தியாசம் தெரியவில்லை. 36, 37வது வாரத்தில் மருத்துவர் வயிற்றின் மேல் கைவைத்துத் திருப்பும் முறையை இதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

குச்சியை அணைக்க, மணல் நிரப்பிய டப்பாவில் நுனியை ஆழமாகச் செருகி வையுங்கள். ஊதினால் அணையாது, வெளியே கறுத்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும்.