பாலிஷ் துணியைக் கீழே வையுங்கள்: கார் மியூசியத்துக்குப் புதியவர்கள் செய்யும் தவறுகள்

பழைய அமெரிக்கக் கார்கள் நிற்கும் மியூசியத்தில் வேலைக்கோ தன்னார்வப் பணிக்கோ சேரும் ஒவ்வொரு புதுக் குழுவும், முந்திய குழு செய்த பிழைகளை வரிசை மாறாமல் செய்கிறது. மோதிரம் பட்டால் கீறும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுவோம்.

ஆண்டைத் தவறாக எழுதுவது

ஃபோர்டு மஸ்டாங் விற்பனைக்கு வந்தது 1964 ஏப்ரல் 17. முதல் வண்டிகளை '1964½' என்று காருக்கு முன் வைக்கும் விளக்க அட்டையில் எழுதிவிடுகிறார்கள். அது ரசிகர்கள் வைத்த பெயர். அந்த வண்டிகளில் தொழிற்சாலை பொறித்த வண்டி எண் 5 என்றே தொடங்கும். ஃபோர்டின் கணக்கில் அவை 1965 மாடல். தொடக்க மாதங்களில் வந்ததா என்று பார்க்க பானெட்டைத் திறந்தால் போதும். மின்சாரம் தரும் கருவி ஜெனரேட்டராக இருந்தால் முதல் தொகுதி. ஆல்டர்னேட்டர் என்றால் 1964 ஆகஸ்ட் வாக்கில் வந்த மாற்றத்துக்குப் பிந்தியது. நடுவில் எவரும் கழற்றி மாற்றாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

சிவப்பு 1953 கார்வெட்

கிடையாது. செவ்ரோலே அந்த ஆண்டு செய்த 300 கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார்களும் வெள்ளை, உள்ளேதான் சிவப்பு.

பெயின்டை மெருகேற்றுவது

மற்ற பிழைகளை அட்டையை மாற்றித் திருத்திவிடலாம். இதைத் திருத்த முடியாது. 60, 70 ஆண்டு தாங்கிய தொழிற்சாலைப் பெயின்டை, மங்கலாக இருக்கிறதே என்று ஒருவர் ஒரே மதியத்தில் தேய்த்து எடுத்துவிடுகிறார். நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டே செய்கிறார் என்பதுதான் எரிச்சல்.

பெயின்ட் வெறும் பூச்சல்ல, வடிவமைப்பு வரலாற்றின் நேரடிச் சான்று. ஃபோர்டு மாடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தது. சீக்கிரம் காயும் டூகோ லாக்கர் பெயின்ட் 1924 மாடல் ஓக்லாந்து காரில் வந்த பிறகுதான் பெருமளவு உற்பத்தியில் பல நிறங்கள் சாத்தியமாயின. 1927-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் வடிவமைப்பாளர் ஹார்லி ஏர்லின் தலைமையில் தொடங்கிய வடிவமைப்புப் பிரிவின் பெயரே 'கலையும் வண்ணமும்'.

அந்தக் காலப் பெயின்டின் மேல் இன்றைய கார்களைப் போலத் தெளிவான கிளியர் கோட் கிடையாது. தேய்த்தால் நிறமே துணியில் வரும். காரின் பின்புறம் இறக்கை போல நீளும் வால் இறகின் விளிம்பு, பக்கவாட்டு மடிப்பு ஆகிய இடங்களில் பூச்சு மெல்லியது. பஃபிங் (மெருகேற்றும்) மெஷின் முதலில் ப்ரைமரை, அதாவது அடிப்பூச்சை, தொடுவது அங்கேதான். மெட்டாலிக் நிறமென்றால் மேலே உள்ள அலுமினியத் துகள்கள் சிதைந்து திட்டுத்திட்டாகச் சாம்பல் பூக்கும். மறுபடி முழுக்கப் பெயின்ட் அடிப்பதைத் தவிர வழி இருக்காது. அத்தோடு அசல் போயிற்று.

தொட்டே ஆக வேண்டுமென்றால் இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் மானியால் பெயின்டின் தடிமன் பாருங்கள். ஒரே பலகையில் பத்து இடமாவது அளக்க வேண்டும்; தொழிற்சாலைப் பூச்சு ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் இருக்கும், 75-க்குக் கீழே இறங்கிய இடத்தைத் தொடாதீர்கள். (கார்வெட்டின் உடல் ஃபைபர் கிளாஸ். இரும்புக்கான காந்த மானி அங்கே எதையும் காட்டாது, அல்ட்ராசானிக் கருவி வேண்டும். இதை மறந்து, 'மானி பழுது' என்று எழுதி வைப்பவர்கள் உண்டு.) அடுத்து மென்மயிர்த் தூரிகையால் தூசியைக் கிளப்பி, வாக்குவத்தால் இழுங்கள். உலர்ந்த துணியால் துடைத்தால் தூசியிலுள்ள மணலே உப்புத்தாளாகிவிடும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணி, கதவின் உள்விளிம்பில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சோதனை. வெள்ளைத் துணியில் நிறம் ஏறினால் நிறுத்துங்கள். ஏறாவிட்டால் தேய்க்கும் துகள் கலக்காத மெழுகு மெல்லியதாக ஒரு பூச்சு. சிலிகோன் கலந்தது வேண்டாம். பின்னாளில் சிறு டச்-அப் செய்யும்போது பெயின்ட் பரவாமல் மீன்கண் போலக் குழி விழும்.

கென்டக்கி பௌலிங் கிரீனில் உள்ள கார்வெட் மியூசியத்தில் 2014 பிப்ரவரியில் தரை உள்வாங்கி 8 கார்கள் விழுந்தன. மூன்றைச் சரிசெய்தார்கள், ஐந்தை நொறுங்கியபடியே காட்சிக்கு வைத்தார்கள். சரிசெய்தவற்றில் ஒன்று 1992-இல் வந்த பத்து லட்சமாவது கார்வெட். அதன் பாகங்களில் தொழிலாளர்கள் போட்ட கையெழுத்துகளைக் காப்பாற்றத்தான் அங்கே அத்தனை மெனக்கெட்டார்கள். மங்கல் பிடிக்கவில்லை என்று மெஷினை எடுப்பவர்கள் அந்த ஐந்தையும் போய்ப் பார்க்கலாம்.

குதிரைத்திறனை ஒப்பிடுவது

கேடிலாக் எல்டொராடோ 1971-இல் 365, 1972-இல் 235. இரண்டிலும் அதே 8.2 லிட்டர் இன்ஜின். '130 குதிரை போயிற்று' என்று எழுதாதீர்கள். முன்பு துணைக் கருவிகளைக் கழற்றிவிட்டு இன்ஜினை அளந்தார்கள். 1972 முதல் ஏர் கிளீனர், சைலன்சர் எல்லாம் மாட்டிய நிலையில் அளந்த எண்ணைச் சொன்னார்கள். அட்டையில் எந்த அளவு என்று ஒரு சொல் சேருங்கள்.

பேட்ஜை நம்புவது

1964, 1965 பான்டியாக் ஜிடிஓ தனி மாடல் அல்ல, கூடுதல் காசுக்கு வாங்கும் தொகுப்பு. வண்டி எண்ணில் அது தெரியாது. 1966 முதல்தான் எண் 242 என்று தொடங்கும். அதற்கு முந்தியதென்றால் தொழிற்சாலை ஆவணத்தைக் கேளுங்கள். நாலு பேட்ஜ் (பெயர்ச் சின்னம்) வாங்கி ஒட்ட எவராலும் முடியும்.

குரோமியமும் ஸ்டீல் வுல்லும்

ஸ்டீல் வுல் (இரும்பு நார்) கொண்டு தேய்க்க வேண்டாம். குரோமியம் பூசிய அலங்காரப் பாகங்கள் பலவும் துத்தநாக வார்ப்பு. மேல்பூச்சு கிழிந்தால் அடியில் பொரிந்துபோகும்.

டேங்கில் பெட்ரோல்

ஓடாத வண்டியென்றால் வடித்துவிடுங்கள்.