வாரண்டி முடிந்த மறுமாதமே கார் செலவு வைத்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மணவாளக்குறிச்சியில் இருக்கும் என் அத்தானின் காரில், வாரண்டி முடிந்து 19-வது நாள் ஏ.சி. நின்றுபோனது. சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். மதியம் போன் வந்தது. “சார், கம்ப்ரசர் போச்சு, கண்டன்சரும் லீக். 46,000 ஆகும். இப்பவே ஓகே சொன்னா பார்ட்ஸ் ஆர்டர் போட்டுடலாம்.” வாரண்டிதான் முடிந்துவிட்டதே, இனி என்ன செய்ய என்று சரி சொல்லப் போனவர், நல்லவேளையாக அதற்கு முன் என்னைக் கூப்பிட்டார்.

போனிலேயே சரி சொல்லிவிடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். சாமான் விலை தனி, கூலி தனி. “போச்சுன்னு எதை வச்சு சொல்றீங்க?” என்று கேட்கத் தயங்க வேண்டாம். ஏ.சி. என்றால் கேஸ் பிரஷர் எவ்வளவு, லீக் எந்த இடத்தில் என்று காட்டச் சொல்லுங்கள். என்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் ரிப்போர்ட்டைக் கேளுங்கள். ஸ்கேனர் ஒரு சென்சாரின் பெயரைக் காட்டினால் அந்தச் சென்சாரே கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அதற்குப் போகும் வயரை எலி கடித்திருக்கலாம், கனெக்டரில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கலாம். குமரி மாவட்டக் கடற்கரையில் நீரோடியில் தொடங்கி ஆரோக்கியபுரம் வரை உப்புக்காற்றில் நிற்கிற வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியதே இதைத்தான்.

அன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் நேரில் போனோம். ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து ஏ.சி. கேஸைக் குளிர்விக்கும் கண்டன்சரின் கீழ்மூலையில் விரலை வைத்தால், அலுமினியத் தகடுகள் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தன. பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கும் அதில் அப்பிய தூசியும். கேஸ் கசியும்போது கம்ப்ரசர் ஆயிலும் கூடவே வெளியே வரும், அந்தக் கறைதான் அது. கேஸ் குறைந்துவிட்டால், அதை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரை ஓடவிடாமல் பிரஷர் சுவிட்ச் தடுத்துவிடும். அதனால் ஓடாத கம்ப்ரசர் எல்லாம் கெட்ட கம்ப்ரசர் ஆகிவிடாது. நைட்ரஜன் ஏற்றி லீக் எங்கெங்கே என்று பார்க்கச் சொன்னோம். லீக் கண்டன்சரில் மட்டும்தான் இருந்தது.

அடுத்த தவறு, தேதி தாண்டிவிட்டால் கேட்க உரிமையே இல்லை என்று நினைப்பது. அத்தானின் டாஷ்போர்டில் பழைய பில்களைத் துழாவியதில் ஒன்பது மாதத்துக்கு முந்தைய ஜாப் கார்டு, அதாவது வண்டியை விடும்போது நாம் சொல்லும் குறைகளை எழுதும் சீட்டு, கிடைத்தது. மங்கிப்போன கார்பன் எழுத்தில் ‘ஏ.சி. கூலிங் குறைவு’ என்று ஒரு வரி. அன்று கேஸ் மட்டும் நிரப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஏன் குறைந்தது என்று பார்க்கவில்லை. அந்த ஒரு வரி எங்களுக்குப் பெரிய பிடி. வாரண்டி காலத்திலேயே சொல்லியும் தீராத கோளாறு அல்லவா!

இதைக் கவுன்டரில் நின்று சொல்லிப் பயனில்லை. சர்வீஸ் மேனேஜரிடம் எழுதிக் கொடுங்கள். கார் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கும் ஜாப் கார்டு, சர்வீஸ் பில்களின் படத்தோடு மெயில் அனுப்பி, புகார் எண் வாங்குங்கள். வாரண்டி முடிந்து கொஞ்ச நாளே ஆன வண்டிக்கு, சர்வீஸை ஒழுங்காகச் செய்திருந்தால், கம்பெனி செலவில் ஒரு பங்கை ஏற்பது உண்டு. குட்வில் என்பார்கள். வேலை தொடங்குவதற்கு முன்பே கேட்க வேண்டும். பணம் கட்டி வண்டியை எடுத்த பிறகு கேட்டால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். எங்களுக்கு எட்டு நாள் இழுத்தடித்தார்கள். கடைசியில் கண்டன்சர் விலையைக் கம்பெனி ஏற்றது. கூலியும் கேஸும் அத்தான் கணக்கு. பழைய கம்ப்ரசர்தான் இன்றும் ஓடுகிறது.

சேசிஸ் நம்பரைக் கம்பெனி வெப்சைட்டில் போட்டு ரீகால், அதாவது தயாரிப்புக் குறைக்காகக் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு, இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்தக் குறையை, வாரண்டி முடிந்திருந்தாலும், இலவசமாகச் சரிசெய்வார்கள்.

கோபத்தில் நேராக வெளி ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ப் பிரித்துவிடுவதும் தவறு. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கைதேர்ந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் வெளியே பிரித்த சாமானுக்குக் கம்பெனி பொறுப்பேற்காது. முதலில் கம்பெனியின் பதில் எழுத்தில் வரட்டும், அப்புறம் வெளியே காட்டுங்கள். எங்கே செய்தாலும் ஜி.எஸ்.டி. பில், மாற்றிய சாமானுக்கு எத்தனை மாத வாரண்டி என்ற எழுத்து, கழற்றிய பழைய சாமான், மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். டெம்பரேச்சர் முள் ஏறினாலோ ஆயில் விளக்கு எரிந்தாலோ ‘வீடு வரைக்கும் ஓட்டிடலாம்’ என்று ஓட்டாதீர்கள். சில நூறு ரூபாய் கூலன்ட் ஹோஸோடு முடிய வேண்டியது என்ஜின் ஹெட்டைக் கழற்றுவதில் போய் நிற்கும். டோ வண்டிச் செலவு அதற்கு முன் ஒன்றுமேயில்லை.

கம்பெனி கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். காரைத் திருநெல்வேலியில் வாங்கியிருந்தாலும் அங்கே அலைய வேண்டாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய்.

வாரண்டி இன்னும் முடியாதவர்கள் இப்போதே ஓடோமீட்டரைப் பாருங்கள். ‘3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர்’ என்றால் எது முந்துகிறதோ அன்றோடு முடிந்தது. தினமும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவருக்குக் கிலோமீட்டர் முந்திவிடலாம். எக்ஸ்டெண்டட் வாரண்டி வேண்டுமென்றால் அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். முடிய இரண்டு மாதம் இருக்கும்போது வண்டியைக் கொண்டுபோய், கேட்கிற சத்தம், அடிக்கிற ஆட்டம், குறைகிற கூலிங் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். “பரவாயில்ல சார், அதெல்லாம் நார்மல்தான்” என்பார்கள். அப்படியானால் நார்மல் என்றே எழுதித் தரச் சொல்லி, அந்தக் காகிதத்தை அங்கேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.