பழைய ஆர்.சி. ஹெலிகாப்டரா? முதலில் பிரித்துப் பாருங்கள்

"பேட்டரி மாட்டுனாப் போதுங்ணா, பறக்கும்." விற்றவர் இப்படிச் சொல்லித்தான் அந்த அலைன் டி-ரெக்ஸ் 450 ரிமோட் ஹெலிகாப்டரை என் கையில் கொடுத்தார். தைவான் தயாரிப்பு, 325 மி.மீ. பிளேடு, மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் ஓடுவது. எனக்குக் கோவையில் லேத் பட்டறை வேலை. பழைய மிஷின் எது வந்தாலும் பிரித்துப் பார்க்காமல் ஸ்விட்சைப் போடுவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

முதலில் ஃபெதரிங் ஷாஃப்ட். ரோட்டர் தலைக்குள் குறுக்கே ஓடி, இரண்டு பிளேடு பிடிகளையும் தாங்குகிற மெல்லிய எஃகுக் கம்பி அது. ஹெலிகாப்டர் விழுந்தால் முதலில் வளைகிற உருப்படிகளில் ஒன்று. வெளியே எல்லாம் பளபளப்பாக இருந்தாலும் உள்ளே இது வளைந்து கிடக்கும். என்னுடையதைக் கழற்றி, பட்டறையில் மட்டம் பார்க்கிற தட்டையான சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்து விரலால் மெதுவாக உருட்டினேன். அடியில் தலைமுடி அளவுக்கு வெளிச்சம் வருவதும் மறைவதுமாக இருந்தது. வளைவு அவ்வளவுதான், ஆனால் பறக்கும்போது மொத்த உடம்பும் நடுங்க அதுவே போதும். வீட்டில் தடிமனான கண்ணாடித் துண்டு இருந்தால் அதிலேயே உருட்டிப் பார்க்கலாம். மெயின் ஷாஃப்டையும் வால் ஷாஃப்டையும் அதே மாதிரி பாருங்கள். வளைந்ததை நிமிர்த்த வேண்டாம், புதிது போடுங்கள்.

பிளேடில் போல்ட் ஓட்டையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் பசை போட்டு ஒட்டாதீர்கள், தூக்கிப் போடுங்கள். இந்த அளவு ஹெலிகாப்டரில் தலை நிமிடத்துக்கு 2500 சுற்றுப் பக்கம் சுற்றும், பிளேடு நுனியின் வேகம் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டும். அந்த வேகத்தில் கழன்று வருவது கத்திதான்.

மெயின் கியரை முழுச் சுற்றும் கையால் சுற்றி, பல் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். சர்வோ என்பது ரிமோட் சொல்கிறபடி பாகங்களை அசைக்கிற சிறு மோட்டார்; அதன் கையை மெதுவாக அசைக்கும்போது ஓரிடத்தில் 'கறக்' என்று தட்டினால் உள்ளே பல் போயிருக்கிறது. லிங்க்குகளில் (இணைப்புக் கம்பிகளில்) ஆட்டம் இருந்தால் மாற்றிவிடுங்கள். உலோகத்தில் இறங்குகிற ஸ்க்ரூ ஒவ்வொன்றுக்கும் ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கிற நீல நிறத் த்ரெட் லாக் பசை ஒரு சொட்டு, பிளாஸ்டிக்கில் இறங்குவதற்கு வேண்டாம்.

கூடவே வருகிற பழைய பேட்டரி உப்பியிருந்தால் தொடாதீர்கள். என்னைக் கேட்டால், உப்பாவிட்டாலும் புதிது வாங்குவதே நல்லது. எல்லாச் செல்லையும் சமமாக ஏற்றுகிற பேலன்ஸ் சார்ஜரில், சிமெண்ட் தரையில் வைத்து, பக்கத்திலேயே இருந்து சார்ஜ் போடுங்கள். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. ரிமோட் கிரிஸ்டல் போடுகிற பழைய செட்டாக இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுக்கு மாறிவிடுங்கள்.

சரி, இப்போது கரண்ட் கொடுக்கலாம். அதற்கு முன் மோட்டார் ஒயர் மூன்றையும் கழற்றித் தனித்தனியாக டேப் சுற்றுங்கள். ரிமோட்டில் ஹெலிகாப்டரைச் சாய்க்கிற ஸ்டிக்கை முன்னால் தள்ளினால், ரோட்டர் தலைக்குக் கீழே இருக்கிற ஸ்வாஷ் பிளேட் என்ற சாயும் தட்டு முன்பக்கம் சாய வேண்டும், வலது பக்கம் தள்ளினால் வலப்பக்கம். அப்புறம் கைரோ, அதாவது வால் தானாகத் திரும்பாமல் பிடிக்கிற கருவி. ரட்டர் ஸ்டிக்கை (மூக்கை இடம் வலம் திருப்புவதை) வலது பக்கம் தள்ளி, வால் சர்வோ எந்தத் திசையில் போகிறது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கை விட்டுவிட்டு, ஹெலிகாப்டரின் மூக்கைக் கையால் சட்டென்று இடப்பக்கம் திருப்புங்கள். சர்வோ அதே திசையில் போக வேண்டும். எதிர்த்திசையில் போனால் கைரோவை ரிவர்ஸ் செய்யுங்கள். இதை விட்டுவிட்டால் தரையை விட்டு எழும்பியதும் பம்பரமாகச் சுற்றும்.

இதற்கிடையில் தினமும் அரை மணி நேரமாவது கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் பழகுங்கள். மூக்கு நம்மைப் பார்த்துத் திரும்பினால் இடம் வலம் மாறிப்போகும். அந்தக் குழப்பத்தைக் காசு செலவில்லாமல் கடக்கிற இடம் அதுதான்.

பீளமேட்டில் விமான நிலையம், சூலூரில் விமானப்படைத் தளம் என்பதால் நான் இரண்டையும் விட்டுத் தள்ளிப் பொள்ளாச்சிப் பக்கம் போகிறேன். கொப்பரை காயப்போடுகிற சிமெண்ட் களம், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு. புல்லில் ஹெலிகாப்டரின் கால் சிக்கிக் கவிழ்ந்துவிடும், சிமெண்டில் வழுக்கிக்கொண்டு போகும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பத்து மணிக்கே தூக்கி அடிக்கும், அதனால் விடியற்காலைதான்.

கீழே நான்கு பக்கமும் பந்து வைத்த பயிற்சிக் கம்பியைக் கட்டுங்கள். வால் உங்கள் பக்கம் இருக்கட்டும், ஏழெட்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள், குழந்தைகள் யாரும் அருகில் வேண்டாம். த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை) மெல்ல ஏற்றி, எழும்பாமல் தரையில் வழுக்குகிற நிலையிலேயே முதல் இரண்டு மூன்று பேட்டரியை ஓட்டுங்கள். கண் மூக்கின் மேல் இருக்கட்டும், வாலின் மேல் வேண்டாம். சந்தேகம் வந்த கணமே த்ராட்டில் ஹோல்ட், அதாவது மோட்டாரை நிறுத்துகிற ஸ்விட்ச். அந்த ஸ்விட்சை விரல் தேடாமல் கண்டுபிடிக்க வேண்டும், அதை வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

ரிமோட்டில் டைமர் நான்கு நிமிடம் வையுங்கள். இறங்கியதும் பிளேடு முழுதாக நிற்கும்வரை கிட்டப் போகாதீர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் திரும்ப ஒரு முறை தொட்டுப் பாருங்கள். அன்றைக்கு இனிமேல் பறக்கப் போவதில்லை என்றால் பேட்டரியைச் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி எடுத்து வையுங்கள்.