சோலைக்கிளியின் உறவு மரத்தை டி.என்.ஏ-விலிருந்து வரைவது எப்படி?

மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிச் சோலைகளில் வாழும் சோலைக்கிளிக்குப் பெயரில்தான் கிளி. ஆள், பாடும் சிறு பறவை. அதைப் பிராக்கிப்டெரிக்ஸ் என்றார்கள், பிறகு மயோமெலா என்றார்கள். 2017-இல் வந்த டி.என்.ஏ ஆய்வு அதை நில்தாவா, சையோர்னிஸ் ஆகிய ஈப்பிடிப்பான்களின் கிளையில் வைத்து, ஷோலிகோலா என்ற புதுப் பேரினத்தைக் கொடுத்தது. தரையோரம் இரை தேடும் பறவைகள், உறவில்லாமலும் தோற்றத்தில் ஒத்துப்போகும் என்பதால் உடலை மட்டும் நம்ப முடியாது.

மாதிரி எங்கே எடுக்கிறோம் என்பதே பாதி வேலை. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஓர் இனம், அதற்கும் செங்கோட்டைக் கணவாய்க்கும் இடையே இன்னொன்று, தெற்கே அகத்தியமலைப் பக்கம் மூன்றாவது. ஊட்டியில் மட்டும் வலை விரித்தால் இதில் எதுவும் தெரியாது. ஒவ்வொரு மலைத்தொகுதியிலும் ஒன்றுக்கு மேற்பட்ட பறவைகள் தேவை.

வனத்துறை அனுமதியும் பயிற்சி பெற்ற கையும் இல்லாமல் தொடங்காதீர்கள். உடல் எடையில் 1 சதவீதம்தான் ரத்தத்தின் உச்சவரம்பு. 20 கிராம் பறவையென்றால் 200 மைக்ரோலிட்டர். 50-க்குள் எடுத்தாலே தாராளம். பறவையின் சிவப்பணுவில் உட்கரு உண்டு, டி.என்.ஏ நிறையக் கிடைக்கும். இறக்கைச் சிரையில் எடுத்து 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். பிரித்தெடுக்கும்போது 5–10 மைக்ரோலிட்டருக்கு மேல் போட்டால் டி.என்.ஏ-வை வடித்தெடுக்கும் சிறு குழாய் அடைத்துக்கொள்ளும். புரதத்தைச் சிதைக்கும் நொதியான புரோட்டினேஸ் கே சேர்த்து 56 டிகிரியில் முழுவதும் கரையும்வரை வையுங்கள்.

டி.என்.ஏ-வின் ஒரு பகுதியை மட்டும் பெருக்கும் பி.சி.ஆருக்கு வழக்கமான தேர்வு மைட்டோகாண்ட்ரிய மரபணுக்கள்: என்.டி.2 (1041 எழுத்து), சைட்டோகுரோம் பி (1143). டி.என்.ஏ இல்லாத வெற்றுக் குழாய் ஒன்றையும் சேர்த்து ஓட்டுங்கள். அதிலும் டி.என்.ஏ பட்டை தெரிந்தால் எங்கோ கலப்படம், அந்தத் தொகுதியே வீண்.

பலர் சறுக்குவது இதற்கடுத்த இடத்தில். மைட்டோகாண்ட்ரிய மரபணுவின் பழைய நகல்கள் உட்கருவிலும் ஒட்டிக் கிடக்கும். பறவை ரத்தத்தில் உட்கரு அதிகம், மைட்டோகாண்ட்ரியா குறைவு. அதனால் அசலுக்குப் பதில் இந்த நகலே பெருகிவிடலாம். டி.என்.ஏ எழுத்துகளைப் படிக்கும் கருவி தரும் வரைபடத்தில் ஒரே இடத்தில் இரண்டு முகடுகள், மரபணுவின் நடுவில் நிறுத்தக் குறி (புரதம் இங்கே முடிகிறது என்னும் மூன்றெழுத்து), மூன்றின் மடங்காக இல்லாத இடைவெளி ஆகியவை அதன் அடையாளங்கள். புரதமாக மொழிபெயர்க்கும்போது முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியக் குறியீட்டு அட்டவணையைத் தேர்ந்தெடுங்கள். பொது அட்டவணையில் டி.ஜி.ஏ நிறுத்தக் குறி, இதில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம். மாற்ற மறந்தால் நல்ல வரிசையையே தூக்கி எறிவீர்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் தசைத் திசுவிலிருந்து மறுபடி எடுப்பதே வழி.

வரிசைகளை மாஃப்ட் மென்பொருளில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, மரம் வரையும் ஐக்யூ-ட்ரீ மென்பொருளில் கோடானின் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து) மூன்று இடங்களையும் தனித்தனியாகப் பிரித்து ஓட்டுங்கள். மூன்றாம் இடம் வேகமாக மாறும். வேர் வைக்க வெளிக்குழுவாக ஒன்றிரண்டு உறவினங்கள் வேண்டும். கிளைகளின் உறுதியைச் சோதிக்கும் அதிவேக பூட்ஸ்ட்ராப்பில் 95-க்குக் கீழ் வரும் கிளையை உறுதியெனக் கொள்ளாதீர்கள்.

மைட்டோகாண்ட்ரியா தாய்வழியே மட்டும் வருவது, எத்தனை மரபணு எடுத்தாலும் ஒரே சாட்சிதான். உட்கருவிலிருந்து சில இன்ட்ரான்களாவது (மரபணுவுக்குள் புரதமாகாத பகுதிகள்) சேருங்கள். இரண்டு மரமும் முரண்பட்டால், இனங்களுக்கிடையே பண்டு நடந்த கலப்போ, மூதாதையிலிருந்து வந்த மரபணு வடிவங்கள் இன்னும் முழுமையாகப் பிரியாததோ காரணமாகலாம். அவசரமாக ஒன்றாக ஒட்டி மறைக்க வேண்டாம்.

பெயர் சூட்டும்போது ஒரு மூதாதையின் எல்லா வாரிசுகளும் அந்தப் பேரினத்துக்குள் வருகிறார்களா என்று பாருங்கள். இனமாகப் பிரிக்க, பாட்டும் இறகு நிறமும் உடல் அளவுகளும் ஒத்துழைக்க வேண்டும். பிறகு பழைய பெயர்களைத் தேடுங்கள். இருந்தால் அதற்கே முன்னுரிமை. தெற்குச் சோலைக்கிளிக்கு அப்படி ஒன்று இல்லாததால்தான் ஷோலிகோலா அஷம்புவென்சிஸ் என்று புதிதாகச் சூட்ட நேர்ந்தது.