பொதுக் கணினியில் பவர்பாயின்ட் செட்டிங்ஸ் மாறாமல் காப்பது எப்படி?

செமினார் ஹால் கணினியில் பிரசன்டர் வியூ (பேசுபவருக்கு மட்டும் குறிப்புகள் தெரியும் திரை) அணைந்து கிடக்கும். குவிக் அக்சஸ் டூல்பாரில் பாதி பட்டனைக் காணோம். ஒரு சாதாரணச் சொல்லை அடித்தால் ஆட்டோகரெக்ட் அதைக் கேலிச் சொல்லாக மாற்றிவிடும். பவர்பாயின்ட்டுக்குள் 'செட்டிங்ஸைப் பூட்டு' என்று ஒரு பட்டன் கிடையாது. 'மார்க் அஸ் ஃபைனல்' கோப்புக்கு மட்டும்தான், அதையும் ஒரே கிளிக்கில் நீக்கிவிடலாம். செட்டிங்ஸ் ஒட்டிக்கொண்டிருப்பது விண்டோஸ் யூசர் கணக்கில். பிடிக்க வேண்டிய இடம் அதுதான்.

படி 1: அட்மின் கணக்கு உங்களிடம் மட்டும் இருக்கட்டும். மற்றவர்களுக்கு ஒரு ஸ்டாண்டர்ட் கணக்கு.

படி 2: அந்த ஸ்டாண்டர்ட் கணக்கில் நுழைந்து எல்லாவற்றையும் வேண்டியபடி அமைத்து, பவர்பாயின்ட்டை மூடுங்கள். பல மாற்றங்கள் மூடும்போதுதான் பதிவாகும்.

படி 3: குரூப் பாலிசி, அதாவது யூசர் மாற்றக்கூடாத செட்டிங்ஸை விண்டோஸ் வழியே பூட்டும் வசதி. விண்டோஸ் ஹோம் பதிப்பில் பாலிசி எடிட்டரே இல்லை. மைக்ரோசாஃப்ட் 365-இன் பிசினஸ் பதிப்போ ஆபீஸ் பாலிசிகளைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. அப்படியானால் நேரே படி 4. வேறு பதிப்பு வைத்திருப்பவர்கள் ஆபீஸ் அட்மினிஸ்ட்ரேடிவ் டெம்ப்ளேட்டுகளை (ஆபீஸ் பாலிசிகளை எடிட்டரில் காட்டும் கோப்புகள்) இறக்கி, விண்டோஸ் ஃபோல்டரில் உள்ள பாலிசி டெஃபினிஷன்ஸுக்குள் போடுங்கள். மொழிக் கோப்புகள் அதற்குள் இருக்கும் மொழி ஃபோல்டருக்குப் போக வேண்டும். வெளியே கிடந்தால் எடிட்டர் திறக்கும்போதே பிழை காட்டும். பெயரில் 2016 என்று இருந்தாலும் 2019, 2021 பதிப்புகளுக்கும் இதுவேதான், எல்லாவற்றுக்கும் உள் பதிப்பு எண் 16.0.

எடிட்டரை நேரடியாகத் திறந்து மாற்றினால் அட்மினும் சேர்ந்து பூட்டப்படுவார். அதனால் எம்எம்சி-யை (விண்டோஸின் நிர்வாகக் கன்சோல்) திறந்து, குரூப் பாலிசி ஆப்ஜெக்ட் எடிட்டரைச் சேர்க்கும்போது பிரவுஸ் > யூசர்ஸ் போய் 'நான்-அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, பூட்ட வேண்டியவற்றை அங்கே அமையுங்கள்.

படி 4: பாலிசிக்குள் அடங்காதவற்றுக்கு மீட்பு ஸ்கிரிப்ட், அதாவது செட்டிங்ஸைத் தானாகத் திருப்பி வைக்கும் கட்டளைக் கோப்பு. ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் செட்டிங்ஸைச் சேமிக்கும் இடம்) எடிட்டரில் கரன்ட் யூசர் > சாஃப்ட்வேர் > மைக்ரோசாஃப்ட் > ஆபீஸ் > 16.0 > பவர்பாயின்ட் கிளையை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அதோடு ஆப்டேட்டாவில் (யூசர் கணக்கின் செட்டிங்ஸ் ஃபோல்டர்) இரண்டு கோப்புகளின் நகல்: ரோமிங் பக்கம் ஆட்டோகரெக்ட் பட்டியல், லோக்கல் பக்கம் டூல்பார் கோப்பு. ஆட்டோகரெக்ட் பட்டியல் வேர்டுக்கும் பொது என்பதால், அங்கே செய்த குறும்பு இங்கேயும் தலைகாட்டும். நகல்களை ஸ்டாண்டர்ட் யூசர் படிக்க மட்டும் முடிகிற ஃபோல்டரில் வையுங்கள்.

பலர் சறுக்குவது இங்கேதான். இம்போர்ட் செய்தால் பழைய மதிப்புகள் திரும்பும். புதிதாக நுழைந்தவை அப்படியே நிற்கும். எனவே ஸ்கிரிப்ட் முதலில் அந்தக் கிளையை அழித்துவிட்டுப் பிறகு இம்போர்ட் செய்து, இரண்டு நகல்களையும் அவற்றின் இடத்தில் வைக்க வேண்டும். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில், ஸ்கிரிப்ட் ஓடும் நேரத்தை 'அட் லாக் ஆன்' என்று வைத்து, இயக்கும் கணக்காக 'யூசர்ஸ்' குழுவைக் கொடுங்கள். சிஸ்டம் (விண்டோஸின் சொந்தக் கணக்கு) என்று கொடுத்தால் ஸ்கிரிப்ட் பிழையில்லாமல் ஓடும், ஆனால் சிஸ்டத்தின் ரெஜிஸ்ட்ரியில். ஸ்டாண்டர்ட் கணக்கில் ஒன்றும் மாறாது.

நாள் முழுக்க ஒரே லாகினில் கணினி ஓடினால் மீட்பு நடக்காது. வகுப்பு முடிந்ததும் சைன் அவுட் செய்யச் சொல்லி மானிட்டர் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்.

விண்டோஸ் எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் யூனிஃபைட் ரைட் ஃபில்டர் இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் டிரைவ் முழுவதும் பழையபடி ஆகிவிடும். செமினார் ஹாலுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். டெஸ்க்டாப்பில் சேமித்த ஸ்லைடுகளும் கூடவே போய்விடும்.