ஆட்டோமேட்டிக் ஸ்போர்ட்ஸ் காரில் முதல் டிராக் டே: கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

டிராக் டே என்றால் நம் சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள். அதற்குப் பேர் கொடுத்ததுமே பலருக்கும் கை பரபரக்கும். எக்ஸாஸ்ட் மாற்றலாமா, பவரைக் கூட்ட இன்ஜின் மென்பொருளை மாற்றும் ரீமேப் போடலாமா என்று யோசனை ஓடும். அந்தக் காசு அப்படியே இருக்கட்டும். சாலையில் ஓடும் கார் டிராக்கில் திணறுவது பெரும்பாலும் பவர் போதாமல் அல்ல, சூடு தாங்காமல்தான். ஆட்டோமேட்டிக்கில் பிரேக், கியர்பாக்ஸ் இரண்டையும் அந்தச் சூடு பதம் பார்க்கும். நம் வேலையில் முக்கால்வாசியும் அங்கேதான்.

படி 1: பிரேக்

முதலில் பிரேக் ஃப்ளூயிட். இது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பிரேக் ஃப்ளூயிட் தரங்களில் ஒன்றான டாட் 4-க்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் அந்தத் தரம் கேட்பது 155 டிகிரிதான். சாலையில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. டிராக்கில் சுற்றுக்குச் சுற்று அழுத்திப் பிடிக்கும்போது ஃப்ளூயிட் கொதித்துக் குழாயில் ஆவிக் குமிழி கட்டும். திரவம் சுருங்காது, ஆவி சுருங்கும். பெடல் பொதபொதவென்று உள்ளே போகும், கார் நிற்காது.

அதனால் சீல் பிரிக்காத புது டின் வாங்கி, நான்கு சக்கரத்திலும் பழையதை முழுக்க வெளியேற்றச் சொல்லுங்கள். எண் பெரிதாக இருக்கிறதே என்று டாட் 5 வாங்கிவிடாதீர்கள். அது சிலிகான் வகை, மற்றவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 வேறு, அது சிலிகான் அல்ல.

சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பேட் மெலிய மெலிய, டிஸ்க்கின் சூடு சுலபமாக ஃப்ளூயிட்டுக்குப் போகும். புது பேடை டிராக்கில் வைத்துப் பழக்காதீர்கள். முன்பே ஓட்டிப் படிய வைத்துவிடுங்கள்.

படி 2: கியர்பாக்ஸ்

உங்களுடையது டார்க் கன்வர்ட்டரா, டூயல் கிளட்ச்சா என்று மேனுவலில் பாருங்கள். டார்க் கன்வர்ட்டரில் இன்ஜினின் விசை ஆயில் வழியாகத்தான் கியர்பாக்ஸுக்குப் போகிறது. அதில் நழுவும் விசை முழுவதும் சூடாகிவிடும். ஆயில் பழையதாக இருந்தால் மேனுவல் சொல்லும் அதே வகை ஆயிலுக்கு மாற்றுங்கள். ‘லைஃப்டைம் ஆயில், தொடவே வேண்டாம்’ என்பார்கள். டிராக்குக்குப் போகும் காரில் அந்தப் பேச்சை நான் நம்ப மாட்டேன். இரண்டு கிளட்ச் உள்ள டூயல் கிளட்ச் என்றால், டிராக்குக்குள் நுழையும் பாதையான பிட் லேன் வரிசையில் இஞ்ச் இஞ்சாக ஊர்வதுதான் கெடுதல். கிளட்ச் நழுவி நழுவிச் சூடாகும். நன்றாக இடம் விழும்வரை நின்று, பிறகு ஒரே மூச்சில் நகருங்கள்.

கியர்பாக்ஸ் சூடு காட்டும் திரை உங்கள் காரில் இருந்தால், எந்த மெனுவில் இருக்கிறது என்று வீட்டிலேயே தேடி வையுங்கள். எச்சரிக்கை வந்தால் உயர் கியரில் மெதுவாக உருட்டிக்கொண்டு பிட்டுக்கு வாருங்கள்.

டிராக்கில் கார் தானாகக் கியர் மாற்றும் ‘டி’யை நம்ப வேண்டாம். வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கியர்பாக்ஸ் திடீரென்று கீழ் கியருக்கு இறங்கும். பின்சக்கர இழுவைக் காரில் வால் நழுவ அதுவே போதும். மேனுவல் மோடில் போட்டு, நேர்கோட்டில் பிரேக் பிடிக்கும்போதே ஸ்டீயரிங்கை ஒட்டியுள்ள கியர் பேடிலால் கியரை இறக்கி முடித்துவிட வேண்டும். அந்த மோடிலும் சில கார்கள் இன்ஜின் சுழற்சியின் உச்ச வரம்பான ரெட்லைனில் தாமாகவே கியரை ஏற்றிவிடும். உங்களுடையது எப்படி என்று மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: சில்லறை வேலைகள்

இன்ஜின் ஆயில் மேல் கோட்டை ஒட்டி இருக்கட்டும், தாண்ட வேண்டாம். பெட்ரோல் பாதி டேங்குக்குக் குறையக் கூடாது. நீண்ட வளைவில் ஒரு பக்கமாக ஒதுங்கி பம்ப்புக்கு எட்டாமல் போகும். வீல் நட்டுகளை, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், மேனுவலில் உள்ள அளவுக்கு முடுக்குங்கள்.

உள்ளே கழற்றக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. டிரைவர் பக்க மிதியடியும்தான். சீட்டுக்கடியில் உருளும் ஒரு தண்ணீர் பாட்டில் பிரேக் பெடலுக்குப் பின்னால் போய் மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டிக்கியைக் காலி செய்யும்போது, காரைக் கட்டி இழுக்க மாட்டும் டோ ஹுக்கையும் ஜாக் பையோடு வீட்டில் விட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. அதை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். ஹெல்மெட்டில் ஸ்னெல் என்ற தரச்சான்று அமைப்பின் ‘எஸ்.ஏ.’ முத்திரை கார் பந்தயத்துக்கானது, ‘எம்’ பைக்குக்கானது. எது செல்லும் என்று நடத்துபவர்களிடம் கேளுங்கள். இன்சூரன்ஸ் பாலிசியையும் ஒருமுறை படித்துவிடுங்கள். பல பாலிசிகள் டிராக்கில் செல்லாது.

படி 4: அன்றைக்கு

கார் சறுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் ஆனிலேயே இருக்கட்டும். பெடல் இரண்டுதானே என்று இடது காலால் பிரேக் பிடித்துப் பார்க்கும் நாள் இதுவல்ல. ஒவ்வொரு செஷனிலும் கடைசிச் சுற்றை பிரேக்கைத் தொடாத குறையாக மெதுவாக ஓட்டி ஆற விடுங்கள்.

நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். கொதிக்கும் டிஸ்க்கைப் பேட் கவ்வியபடி நிற்கக் கூடாது. சமதளத்தில் ‘பி’யில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, காலை எடுத்துவிடுங்கள். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள பல கார்களில் இன்ஜினை அணைத்ததும் அதுவே பிடித்துக்கொள்ளும். அதை நிறுத்தும் வழியை முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

டயர் காற்றை உள்ளே வந்த உடனே, சூட்டோடு அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சூட்டில் அழுத்தம் ஏறியிருக்கும். கொஞ்சம் இறக்கினீர்கள் என்றால், டயர் ஆறிய பிறகு மேனுவல் அளவுக்கு மறுபடி ஏற்றாமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். ஆறிய வீல் நட்டுகளை இன்னொரு முறை ரெஞ்சால் பாருங்கள். கடைசியாக, நின்ற இடத்திலேயே பிரேக் பெடலை அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், அன்றைக்குக் கார் மீட்பு வண்டியில் ஏறித்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.